பாலைவன அரசிகளுக்குச் சாட்சி உண்டு

'டோட்டல் வார்: ரோம் 2' என்ற கணினி விளையாட்டு 2013 செப்டம்பரில் வெளிவந்தது. இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்ப்ளி நிறுவனம் உருவாக்க, ஜப்பானின் சேகா நிறுவனம் வெளியிட்டது. மத்தியதரைக் கடலைச் சுற்றிய பழங்கால உலகம் முழுவதும் அதில் ஒரு வரைபடமாக விரியும். ஆடுபவர் ஓர் அரசைத் தேர்ந்தெடுப்பார். வரி விதிப்பார், தூது அனுப்புவார், தளபதிகளை நியமிப்பார், போர் மூண்டால் களத்தில் படையை நடத்துவார். நாலரை ஆண்டுகள் கழித்து, 2018 மார்ச் 8 அன்று, 'டெசர்ட் கிங்டம்ஸ்' என்ற கூடுதல் தொகுப்பு விற்பனைக்கு வந்தது. நைல் நதிக்கரையின் குஷ், தென் அரேபியாவின் சபா, பெட்ராவை ஆண்ட நபாத்திய அரசு, இன்றைய அல்ஜீரியாவின் மேற்குப் பகுதியை ஆண்ட மாசைசிலி ஆகிய நான்கு அரசுகள் அதில் புதிதாகச் சேர்ந்தன. அதே சமயத்தில் வந்த இலவச அப்டேட்டில் அரச குடும்பங்களின் வம்சாவளியும் சேர்ந்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில் சண்டை வெடித்தது. தளபதிகளை நியமிக்கும் பட்டியலில் பெண்கள் நிறையப் பேர் வருவதாகச் சில ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். இன்றைய அரசியலை அன்றைய உலகத்தில் திணிக்கிறார்கள் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. விளையாட்டை விற்கும் ஸ்டீம் தளத்தில் எதிர்மறை மதிப்புரைகள் குவிந்தன. நிறுவனம் கணக்கைச் சொல்லி விளக்கம் தந்தது: ரோம், கார்த்தேஜ், கிரேக்க அரசுகள், கிழக்கத்திய அரசுகளில் சில ஆகியவற்றில் பெண் தளபதி வரும் வாய்ப்பு 0 சதவீதம், ஆடத்தக்க மற்ற சில அரசுகளில் 10 முதல் 15 சதவீதம், குஷ் அரசில் மட்டும் 50 சதவீதம். இந்த விளக்கம் இரு தரப்பையும் சமாதானப்படுத்தவில்லை. ஒரு தரப்பு 'வரலாற்றைச் சிதைத்துவிட்டார்கள்' என்றது. மறு தரப்பு 'இது வெறும் விளையாட்டு, விட்டுவிடுங்கள்' என்றது.

இரண்டு பதில்களும் ஒரே இடத்தில் பிழைபடுகின்றன. வரலாறு என்ன சொல்கிறது என்று இரு தரப்புமே போதிய அளவு கேட்கவில்லை. ரோமில் பெண்கள் படை நடத்தவில்லை என்பதால் பழங்காலம் முழுவதுமே அப்படித்தான் இருந்தது என்று ஒரு தரப்பு எண்ணிக்கொண்டது. வரலாற்றைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம் என்று மறு தரப்பு ஒதுக்கிவிட்டது. ஒவ்வொரு அரசையும் அந்தந்த மண்ணின் சான்றை வைத்து எடைபோட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அப்படி எடைபோட்டால் குஷ் அரசின் பெண் தளபதிகள் முழு உரிமையோடு நிற்பார்கள். மற்ற மூன்று அரசுகளுக்கு வேறு வேறு தீர்ப்புகள் கிடைக்கும்.

எதிரியே எழுதிவைத்த போர்

நல்வாய்ப்பாக, இந்த நான்கு அரசுகளில் மூன்றை ஒரே நிகழ்ச்சித் தொடர் இணைக்கிறது. அதை எழுதிவைத்தவர் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ரேபோ. கி.மு. 30இல் எகிப்து ரோமின் கைக்கு வந்தது. அதன் ஆளுநராக இருந்த ஏலியஸ் காலஸ் ஸ்ட்ரேபோவின் நண்பர். நறுமணப் பொருட்களால் செழித்த தென் அரேபியாவைப் பிடிக்கும்படி அவருக்கு ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கட்டளையிட்டார். கி.மு. 26 அளவில் ஏறக்குறைய 10,000 பேர் கொண்ட படையோடு காலஸ் செங்கடலைக் கடந்தார். வழிகாட்டியவர் நபாத்திய அமைச்சர் சில்லையஸ். படையில் 1,000 நபாத்திய வீரர்களும் இருந்தார்கள். சபா நாட்டின் உட்பகுதி வரை படை சென்றது. மார்சியாபா என்ற நகரை ஆறு நாட்கள் முற்றுகையிட்டது. தண்ணீர் இல்லாமல் திரும்பியது. போரில் இறந்தவர்கள் ஏழு பேர்தான், மற்றவர்களை நோயும் பசியும் களைப்பும் கொண்டுபோயின என்கிறார் ஸ்ட்ரேபோ. தோல்விக்குச் சில்லையஸின் துரோகமே காரணம் என்று அவர் மீது பழி விழுந்தது. பாலைவனத்தைத் தெரியாமல் பாலைவனத்துக்குள் போன படையின் கதை அது.

எகிப்திலிருந்த ரோமப் படையின் ஒரு பகுதி அரேபியாவுக்குப் போய்விட்டது என்பது தெற்கே இருந்த குஷ் அரசுக்குத் தெரிந்தது. இன்றைய சூடானில், நைல் நதியை ஒட்டிய மெரோயே நகரைத் தலைமையாகக் கொண்ட அரசு அது. குஷ் படை வடக்கே புறப்பட்டு சையீன் (இன்றைய அஸ்வான்), எலிஃபன்டைன், ஃபிலே ஆகிய ஊர்களைத் தாக்கியது. ரோமக் காவற்படையை முறியடித்தது, மக்களைச் சிறைபிடித்தது, சீசரின், அதாவது அகஸ்டஸின், சிலைகளை இடித்துத் தள்ளியது. அடுத்த ஆளுநர் பெட்ரோனியஸ் பதிலடி கொடுத்தார். தெற்கே நெடுந்தொலைவு சென்று குஷ்ஷின் பழைய புனித நகரான நபாட்டாவைத் தரைமட்டமாக்கினார். பிரெம்னிஸ் கோட்டையில் 400 வீரர்களையும் இரண்டு ஆண்டுகளுக்கான உணவையும் வைத்துவிட்டுத் திரும்பினார்.

ரோமின் வழக்கமான வெற்றிக் கதைகள் இங்கே முடிந்துவிடும். இந்தக் கதை முடியவில்லை. குஷ் அரசி பெரும்படையோடு அந்தக் கோட்டையை நோக்கி வந்தார். பெட்ரோனியஸ் முந்திக்கொண்டு கோட்டைக்குள் புகுந்தார். பிறகு பேச்சுவார்த்தை தொடங்கியது. அரசியின் தூதர்கள் கிரேக்கத் தீவான சாமோஸ் வரை சென்று அகஸ்டஸை நேரில் சந்தித்தார்கள். கேட்டதெல்லாம் கிடைத்தது. அவர்கள் மீது விதித்திருந்த கப்பத்தையும் அகஸ்டஸ் தள்ளுபடி செய்தார். எகிப்தை விழுங்கிய பேரரசு, தன் தெற்கு எல்லையில் ஒரு பெண்ணோடு சமமாக உடன்பாடு செய்துகொண்டது. எல்லை ஹியேரா சிகாமினோஸ் என்ற ஊரில் நின்றது. பிற்காலத்தில் ரோம் ஒருபோதும் குஷ்ஷைப் பிடிக்கவில்லை.

அந்த அரசியைக் கண்டாகே என்று ஸ்ட்ரேபோ குறிப்பிடுகிறார். அது குஷ்ஷில் அரசியர்க்கு வழங்கிய பட்டம். போரை நடத்தியவர் அமனிரெனாஸ் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அவர் ஆண்தன்மை கொண்டவர், ஒரு கண் பார்வை இழந்தவர் என்றும் ஸ்ட்ரேபோ எழுதுகிறார். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஸ்ட்ரேபோ ரோமின் பக்கம் நின்றவர், பெட்ரோனியஸின் வெற்றியைப் பெரிதாக்கிக் காட்ட விரும்பியவர். ஒரு பெண்ணின் தலைமையில் வந்த படையோடு ரோம் போரிட வேண்டியிருந்தது என்பது அவருக்குப் பெருமை தரும் செய்தி அல்ல. தன் தரப்புக்கு உதவாத ஒன்றை ஒருவர் எழுதினால், அது நடந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கல்லும் வெண்கலமும் சொல்வது

எழுத்தை நம்பாதவர்களுக்குப் பொருள் இருக்கிறது. 1910இல் மெரோயேயில் அகழாய்வு செய்த ஜான் கார்ஸ்டாங், ஒரு கோயிலின் வாயில் படிக்கட்டின் அடியில் வெண்கலத் தலை ஒன்றைக் கண்டெடுத்தார். இயல்பான அளவைவிடப் பெரியது, கண்ணாடியும் கல்லும் பதித்த கண்கள் சிதையாமல் இருந்தன. அது அகஸ்டஸின் தலை. எகிப்தில் இடித்த சிலையிலிருந்து வெட்டி எடுத்துவந்து, கோயிலுக்குள் நுழைபவர் ஒவ்வொருவரும் மிதித்துச் செல்லும்படி புதைத்திருக்கிறார்கள். சீசரின் சிலைகளை வீழ்த்தினார்கள் என்ற ஸ்ட்ரேபோவின் வாக்கியத்துக்கு இதைவிட உறுதியான சாட்சி வேண்டியதில்லை. இன்று அது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெரோயேக்கு அருகே ஹமடாபில் அதே கார்ஸ்டாங் கண்டெடுத்த பெரிய கல்வெட்டில் அமனிரெனாஸின் பெயரும் இளவரசர் அகினிடாடின் பெயரும் உள்ளன.

ஒரே ஓர் அரசி என்றால் அது விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடலாம். குஷ்ஷில் அது விதிவிலக்காக இல்லை. அமனிரெனாஸுக்குப் பிந்தைய அமனிஷாகெட்டோவின் பிரமிடில் எதிரிகளை ஈட்டியால் குத்தும் உருவமாக அரசியே செதுக்கப்பட்டிருக்கிறார். அந்தப் பிரமிடை 1834இல் இத்தாலியரான ஜுசெப்பே ஃபெர்லினி உடைத்து எடுத்த தங்க நகைகள் இன்று பெர்லினிலும் மியூனிக்கிலும் இருக்கின்றன. நாகா என்ற ஊரில் சிங்கத் தெய்வமான அபெடெமக்கின் கோயில் வாயிலின் ஒரு பக்கம் அரசர் நடகமானி, மறு பக்கம் அரசி அமனிடோரே. இருவரும் ஒரே உயரம், இருவரும் எதிரிகளை வெட்டி வீழ்த்துகிறார்கள். எகிப்தியக் கலை மரபில் எதிரியை அடித்து வீழ்த்தும் கோலம் மன்னனுக்கே உரியது. குஷ் அந்தக் கோலத்தை அரசிக்கும் தந்தது. அரசனின் தாய்க்கும் உடன்பிறந்தாளுக்கும் பதவியேற்பில் பெரும் பங்கு இருந்த சமூகத்தில் இது இயல்பாக வளர்ந்த நிலை. புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் பணிகள் நூலில் கூட, எத்தியோப்பிய அரசி கண்டாகேயின் கருவூலத் தலைவர் ஒருவர் வருகிறார். அரசி ஆள்வதை அந்த நூல் வியப்பாகக் குறிப்பிடவில்லை, ஓர் அடையாளமாகச் சொல்லிவிட்டுப் போகிறது.

ஆகவே 50 சதவீதம் என்ற எண்ணைக் கண்டு கொதித்தவர்கள், நான்கு அரசுகளிலும் சான்று மிக வலுவாக உள்ள ஒன்றையே எதிர்த்தார்கள். சரிபாதி என்பது துல்லியமான கணக்கு அல்ல. குஷ்ஷில் அரசர்களே அதிகம். ஆனால் ஆட்டக்காரருக்கு அந்த அரசின் தனித்தன்மையை உணர்த்தும் வழியாக அந்த எண் நியாயமானது.

நபாத்தியர், சபா, மாசைசிலி: மூன்று வேறு தீர்ப்புகள்

நபாத்திய அரசுக்கு வந்தால் படம் மாறுகிறது. கி.மு. 9 முதல் கி.பி. 40 வரை ஆண்ட நான்காம் அரேடாஸின் நாணயங்களில் அரசி ஹுல்டுவும், பின்னர் அரசி ஷகிலத்தும் மன்னனோடு சேர்ந்து பொறிக்கப்பட்டிருக்கிறார்கள். மன்னன் இரண்டாம் ராபெல் சிறுவனாக இருந்தபோது அவருடைய தாயான மற்றொரு ஷகிலத் ஆட்சியைப் பார்த்துக்கொண்டார். இன்றைய சவூதி அரேபியாவில் உள்ள ஹெக்ராவின் கல்லறை வாயில்களில் இன்னும் ஆழமான செய்தி இருக்கிறது. பெண்கள் தங்கள் பெயரிலேயே கல்லறைக்கு உரிமை கொண்டிருந்ததையும், யாரை அங்கே அடக்கலாம் என்று அவர்களே விதித்ததையும் அங்குள்ள கல்வெட்டுகள் காட்டுகின்றன. நபாத்தியப் பெண்ணுக்குச் சொத்து இருந்தது, நாணயத்தில் முகம் இருந்தது, ஆட்சிப் பொறுப்பும் இருந்தது. படையை நடத்தியதற்குச் சான்று இல்லை. அந்த அரசை உண்மையாகக் காட்ட விரும்பும் விளையாட்டு, பெண்களைக் கருவூலத்திலும் அரசவையிலும் வணிகத்திலும் வலிமையோடு வைத்திருக்க வேண்டும்.

சபா என்றதும் அனைவருக்கும் நினைவுக்கு வருபவர் ஷேபா அரசி. விவிலியத்தில் சாலமோனைச் சோதிக்க வருகிறார், குர்ஆனில் சுலைமானிடம் வருகிறார், பின்வந்த மரபு அவரை பில்கிஸ் என்றது. ஆனால் மாரிப் அணையைக் கட்டி, தென் அரேபிய எழுத்தில் ஏராளமான கல்வெட்டுகளை விட்டுச்சென்ற சபா அரசில், இந்த அரசியைக் குறிக்கும் ஒரு கல்வெட்டும் கிடைக்கவில்லை. அதனால் அரேபியாவில் பெண் ஆட்சியே இல்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. வட அரேபியாவில் சபிபே என்ற அரசி கி.மு. 738இல் அசீரியப் பேரரசுக்குக் கப்பம் கட்டினார். அவருக்குப் பின் வந்த சம்சி அசீரியாவை எதிர்த்துப் போரிட்டார். இவற்றை எழுதிவைத்தவர்களும் வென்ற எதிரிகளே. நெடுங்காலம் கழித்து, கி.பி. 378ஐ ஒட்டிய ஆண்டுகளில், மாவியா என்ற அரபு அரசி ரோமப் பேரரசர் வேலன்ஸுக்கு எதிராகப் படை நடத்தித் தன் நிபந்தனைகளைப் பெற்றார். தீபகற்பத்தின் வடக்கே படை நடத்திய அரசிகளுக்கு நல்ல சான்று இருக்கிறது. தெற்கே, சபாவில், கதைதான் இருக்கிறது. இரண்டையும் 'அரேபியா' என்ற ஒரே பெட்டியில் போட்டால் வடக்கின் வரலாறு தெற்கின் கதைக்குக் கடனாகப் போய்விடும்.

மாசைசிலி அரசில் தீர்ப்பு இன்னும் கடுமையானது. இரண்டாம் பியூனிக் போரில் ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் இடையே ஊசலாடிய மன்னன் சிஃபாக்ஸின் அரசு அது. அங்கே நமக்குத் தெரிந்த பெரிய பெண் பெயர் சோஃபோனிஸ்பா. அவர் கார்த்தேஜ் தளபதி கிஸ்கோவின் மகன் ஹஸ்த்ருபாலின் மகள், சிஃபாக்ஸை மணந்து அவரைக் கார்த்தேஜ் பக்கம் நிறுத்தியவர். கி.மு. 203இல் சிஃபாக்ஸ் பிடிபட்ட பிறகு, ரோமர்களின் கைதியாக விரும்பாமல் நஞ்சருந்தி உயிர்விட்டார். அரசியலைத் திசைதிருப்பிய பெண் அவர், படைத்தலைவர் அல்ல. வட ஆப்பிரிக்காவின் புகழ்பெற்ற போர்த் தலைவி திஹியா அரபுப் படைகளை எதிர்த்தது கி.பி. 7ஆம் நூற்றாண்டில். ஏறத்தாழ 900 ஆண்டுகள் பின்னே கொண்டுபோய் அவரை மாசைசிலியின் சாட்சியாக நிறுத்த முடியாது.

விளையாட்டின் உண்மையான குறை இந்த ஒப்பீட்டில்தான் தெரிகிறது. பல்வேறு இனங்களுக்குச் சேர்த்து '10 முதல் 15' என்று ஒரே அளவுகோலை வைத்தது சான்றுகளைப் படித்துச் செய்த வேலையாகத் தெரியவில்லை. பெண்ணின் அதிகாரம் என்றால் குதிரையேறிப் படை நடத்துவது என்ற ஒரே உருவத்தில் காட்டியதும் அப்படியே. ஹெக்ராவில் கல்லறைக்கு உரிமை கொண்ட பெண்ணின் அதிகாரம் வேறு, நாகா கோயில் சுவரில் வாளேந்திய அரசியின் அதிகாரம் வேறு. அந்த வேறுபாட்டைக் காட்டியிருந்தால் விளையாட்டும் சுவை கூடியிருக்கும்.

மறுப்புகளும் பதில்களும்

முதல் மறுப்பு காலக்கணக்கைப் பற்றியது. விளையாட்டு கி.மு. 272இல் தொடங்குகிறது. அமனிரெனாஸ் அதற்கு இரண்டரை நூற்றாண்டு பிந்தியவர். ஆளும் அரசிகளுக்கான தெளிவான சான்றும் தொடக்க ஆண்டுக்குப் பிறகே வருகிறது. இந்த மறுப்பு நேர்மையானது, இதற்கு எடை உண்டு. ஆனால் அந்த ஆண்டில் தொடங்கும் ஆட்டம் தலைமுறை தலைமுறையாக நீள்கிறது. 272இல் ரோம் இத்தாலியைத் தாண்டாத அரசு, ஆட்டக்காரர் விரும்பினால் அதை எகிப்து வரை கொண்டுபோகிறார். ரோமுக்கு வருங்காலத்தை அனுமதித்துவிட்டு, குஷ்ஷுக்கு அதன் சொந்த வருங்காலத்தை மறுப்பது ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைப்பதாகும். தொடக்க ஆண்டில் வாய்ப்பைக் குறைத்து, காலம் செல்லச் செல்ல உயர்த்தியிருந்தால் இந்த மறுப்புக்கே இடமிருந்திருக்காது.

இரண்டாவது மறுப்பு: கோயில் சுவரில் எதிரியை வெட்டும் அரசி வெறும் சம்பிரதாயச் சிற்பம், அவர் களத்துக்குப் போனார் என்று பொருளில்லை. சரிதான். எகிப்திய மன்னர்கள் பலரும் அதே கோலத்தில் நிற்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் களம் கண்டார்கள்? ஆனால் ஆண் மன்னனின் சிற்பத்தைக் கண்டால் 'படைத்தலைவன்' என்று ஏற்றுக்கொள்ளும் நாம், அரசியின் சிற்பத்துக்கு மட்டும் கூடுதல் சாட்சி கேட்பது நீதியல்ல. மேலும் அமனிரெனாஸின் விஷயத்தில் சிற்பம் தனியாக நிற்கவில்லை. எதிரியின் எழுத்து, புதைந்த வெண்கலத் தலை, உள்நாட்டுக் கல்வெட்டு மூன்றும் ஒரே காலத்தைச் சுட்டுகின்றன. பழங்கால ஆண் தளபதிகளில் பலருக்கு இவ்வளவு சாட்சி கிடையாது.

மூன்றாவது மறுப்பு, குஷ்ஷின் மொழியை இன்னும் முழுதாகப் படிக்க முடியவில்லை, அப்படியிருக்க இவ்வளவு உறுதி எப்படி என்பது. மெரோயே எழுத்துகளின் ஒலியை கிரிஃபித் என்ற அறிஞர் 1911ஆம் ஆண்டுக்குள் கண்டுபிடித்துவிட்டார். சொற்களின் பொருள் பெரும்பாலும் இன்னும் பிடிபடவில்லை. ஆனால் பெயர்களையும் பட்டங்களையும் படிக்க முடிகிறது. அமனிரெனாஸின் பெயரோடு ஆட்சியாளருக்கு உரிய பட்டமும் கண்டாகே பட்டமும் சேர்ந்தே வருகின்றன. ஆட்சி செய்தார் என்பதற்கு அது போதும்.

கடைசி மறுப்பு, 'இது விளையாட்டுதானே' என்பது. பள்ளிப் பாடம் கிரேக்கம், ரோம் என்ற இரண்டு பெயர்களோடு நின்றுவிடும் இடங்களில், மெரோயே என்ற பெயரை இளைஞர் ஒருவர் முதன்முதலில் கேட்பது இத்தகைய விளையாட்டிலாக இருக்கலாம். அங்கே கிடைக்கும் படம் நெடுநாள் நிற்கும். ஆகவே இதைச் சிறிய விஷயமாக நினைக்க முடியாது. தமிழருக்கும் இதில் ஒரு பங்குண்டு. காலஸோடு நைல் வழியே சையீன் வரை சென்ற ஸ்ட்ரேபோ, செங்கடல் துறைமுகமான மியோஸ் ஹோர்மோஸிலிருந்து 120 கப்பல்கள் இந்தியாவுக்குச் செல்வதாகக் கேள்விப்பட்டு எழுதினார். அந்தத் துறைமுகம் இருந்த குசேர் அல் காதிமிலும், தென் அரேபியக் கடற்கரையில் ஓமனின் கோர் ரோரியிலும் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. நம் வணிகர்கள் தங்கிய கரையை ஒட்டிய அரசுகளின் வரலாறு இது. ரோமின் கண் வழியாக மட்டுமே அந்த உலகத்தைப் பார்ப்பது நமக்கும் இழப்பு.

சான்றைக் காப்பதே முதல் கடமை

சூடானில் அந்த அரசிகள் அருங்காட்சியகப் பொருளாக முடங்கிவிடவில்லை. 2018 டிசம்பரில் தொடங்கி 2019 ஏப்ரலில் ஒமர் அல் பஷீரின் ஆட்சியை வீழ்த்திய எழுச்சியில், முன்வரிசையில் நின்ற பெண்களை மக்கள் 'கண்டாகா' என்று அழைத்தார்கள். இணையத்தில் ஆட்டக்காரர்கள் 'பெண் தளபதி இருந்தாரா' என்று சண்டையிட்ட சில மாதங்களில், அந்த மண்ணின் பெண்கள் அதே பட்டத்தைத் தெருவில் சூடிக்கொண்டார்கள். இந்த மரபை வெளியிலிருந்து யாரும் திணிக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை தேவையா?

ஆனால் அந்த மரபின் சான்றுகள் இன்று பேராபத்தில் இருக்கின்றன. 2023 ஏப்ரலில் சூடானில் வெடித்த போரில் கார்ட்டூமின் தேசிய அருங்காட்சியகம் கொள்ளை போனது. நபாட்டாவும் மெரோயேயும் விட்டுச்சென்ற பொருட்களைத் தலைமுறைகளாகச் சேர்த்து வைத்திருந்த இடம் அது. வரலாற்றுத் துல்லியத்துக்காக மதிப்புரைகளில் போராடியவர்களும், பெண் தளபதிகளுக்காக வாதாடியவர்களும் உண்மையில் ஒரே பக்கம் நிற்க வேண்டிய இடம் இதுதான். குஷ்ஷின் பெயரை விற்று வருமானம் பார்த்த நிறுவனங்களும் இதில் பங்கேற்க வேண்டும். கொள்ளைபோன சூடான் பொருட்கள் ஏலக்கூடங்களிலும் இணையச் சந்தைகளிலும் விலைபோகாமல் தடுக்க அரசுகளும் அருங்காட்சியகங்களும் யுனெஸ்கோவோடு ஒத்துழைக்க வேண்டும். அமனிரெனாஸ் இருந்தார் என்று நம்மால் இன்று உறுதியாகச் சொல்ல முடிவது, ஒரு கல்லும் ஒரு வெண்கலத் தலையும் அழியாமல் தப்பியதால்தான். மிச்சமிருப்பவற்றையும் காப்பாற்றுங்கள்.